தபசுக்கு விட்ட சைக்கிள்

ஈஸ்டருக்கு மறுநாள் கெலவரப்பள்ளி அணை ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து ஜெசி சைக்கிளை விட்டு இறங்கியபோது அவளுக்கு மூச்சே வாங்கவில்லை. அவள் கணவன் கிங்ஸ்டனைப் பயமுறுத்தியது அதுதான். மூச்சு சீராக இருந்தது. தொடைகள் மட்டும் வெடவெடவென்று நடுங்கின. வீட்டுப் படி ஏறுவதற்கு அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். இருபது கிலோமீட்டருக்கு நாற்பத்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது. வேண்டியது நாற்பது.

சனிக்கிழமை அவளுக்குத் தேர்வு. ஓசூர் சிப்காட்டில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி, விளையாட்டு ஒதுக்கீட்டில் சைக்கிள் ஓட்டும் பெண் ஒருத்தியை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப் போகிறது. விண்ணப்பித்தவள் ஜெசி ஒருத்திதான். ஆனாலும் நாற்பது நிமிடத்துக்குள் வந்தால்தான் வேலை. இல்லையென்றால் மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. அப்புறம் வேலை வேண்டுமென்றால் அதே கம்பெனியின் ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்குப் போய்விட வேண்டும். கல்யாணமாகிப் பதினான்கு மாதம்தான் ஆகிறது. சனிக்கிழமை பஸ் ஏறி வந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறும் குடித்தனத்தைக் கிங்ஸ்டனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதைவிட, குற்றம் தன்னுடையது என்பது அவனை அரித்தது.

பிப்ரவரியில் ஒரு நாள் லாரியில் தொங்கிய கயிறு ஜெசியின் ஹேண்டில்பாரில் மாட்டி அவளை ரோட்டோரம் தள்ளிவிட்டது. முழங்கை சிராய்ப்போடு போயிற்று. மறுநாள் சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசு தொடங்கும் நாள். கிங்ஸ்டன் வீட்டில் தபசு காலத்துக்கு ஆளுக்கொன்றை விடுவது வழக்கம். அப்பா சவரியப்பன் பீடியை விட்டார், அம்மா ஜெபசீலி டீயை விட்டார், கிங்ஸ்டன் கறியை விட்டான். கோயிலுக்குப் போகும் வழியில் அவன் ஜெசியிடம், "எனக்காக இந்தத் தபசுக்கு சைக்கிள விட்டுரு" என்று கேட்டுவிட்டான். அவள் சரியென்று தலையாட்டினாள்.

தேர்வு அறிவிப்பு வந்தது தபசின் மூன்றாவது வாரம். பதறிப்போய், இனி ஓட்டு என்று அவனே சொன்னான். அவள் மசியவில்லை.

"சாமிக்குச் சொன்னது சொன்னதுதாங்க. சைக்கிளத்தான விட்டேன், கால விடலியே."

அன்றிலிருந்து ஓட ஆரம்பித்தாள். முதல் ஷிப்ட் பஸ் வருவதற்குள் காலனி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி எட்டு கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர். கையில் நாடித்துடிப்பு காட்டும் கடிகாரம். துடிப்பு நிமிடத்துக்கு நூற்று அறுபத்தெட்டில் ஓடினால் முக்கால் மணி நேரம் ஒரே சீராகத் தாக்குப்பிடித்தாள். ஓடுகிறோமா மிதிக்கிறோமா என்று இதயத்துக்குத் தெரியவா போகிறது என்று இருவரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள். அந்தத் தெம்பில்தான் திங்கட்கிழமை அதே நூற்று அறுபத்தெட்டை வைத்து மிதித்தாள். எட்டாவது கிலோமீட்டரில் தொடை பற்றி எரிந்தது. அப்புறம் எப்படியோ மெல்ல மிதித்து வந்து சேர்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை வேலையில் கிங்ஸ்டனுக்கு மனசே ஓடவில்லை. அவனுக்கு வேறொரு கம்பெனியில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. மத்தியானம் கூட வேலை பார்க்கும் மணி, ஒரு பெட்டி நிறையப் பாகங்கள் அளவு தவறிவிட்டதாக முகம் வெளிறி வந்து நின்றான். விசாரித்ததில், ஒரு மெஷினுக்கு ஜீரோ சரிசெய்து வைத்த கேஜை, அந்த அளவுமானியை, அப்படியே எடுத்துப்போய்ப் பக்கத்து மெஷினில் வைத்து அளந்திருக்கிறான்.

"மெஷின மாத்துனா ஜீரோவையும் மாத்தணும்னு எத்தன வாட்டிப்பா சொல்றது?" என்ற கிங்ஸ்டன், சொன்ன வாயோடு அப்படியே நின்றுவிட்டான். திட்டு பாதியில் நின்றது ஏனென்று மணிக்குப் புரியவில்லை.

சாயங்காலம் ஜெசியிடம் அதைத்தான் சொன்னான். ஓடும்போது உடம்பு முழுவதையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், அதனால் துடிப்பு ஏறுகிறது. சைக்கிளில் பாரத்தை சீட்டு வாங்கிக்கொள்கிறது, வேலை எல்லாம் தொடைக்கு. ஆறு வாரமாக மிதிக்காத தொடையை வைத்துக்கொண்டு அதே எண்ணை எட்டப் பார்த்தால் தொடைதான் முதலில் தீர்ந்துபோகும். இதயம் தயார், தொடை தயாரில்லை.

"அப்ப எனக்கு ஜீரோ மாத்தணும்ங்கிறீங்க" என்றாள் ஜெசி. முகத்தில் சிரிப்பு இல்லை.

புதன்கிழமை துடிப்பை நூற்று ஐம்பத்தாறாகக் குறைத்து வைத்து ஓட்டினாள். நாற்பத்திரண்டு நிமிடம். கிங்ஸ்டன் பைக்கில் பின்னாலேயே போனான். லாரி தாண்டும்போதெல்லாம் அவன் கால் தானாக பிரேக்கை மிதித்தது. வியாழன் நாற்பத்தொன்றுக்குக் கொஞ்சம் குறைவு. வெள்ளிக்கிழமை தொடைக்கு ஓய்வு வேண்டும் என்று அவனே சொல்லிவிட்டு, அந்த ஓய்வும் தப்போ என்று நாள் முழுக்கக் குமைந்தான்.

சனிக்கிழமை காலை கம்பெனி கோச் திம்மப்பன் நிறுத்துக் கடிகாரத்தோடு வந்தார். பக்கத்து ஊரான தளிக்காரர்; விஷயம் அவர் காதுக்கு எப்படியோ போயிருந்தது. "தபசுக்கு மட்டன விடுவாங்க. சைக்கிள விட்ட சைக்கிள்காரிய இப்பத்தாம்மா பாக்குறேன்" என்றார். ஜெசி சிரித்தாள். கிங்ஸ்டனுக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது.

பின்னால் வண்டியில் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவன் முடிவுக் கோட்டிலேயே நின்றான். பத்தாவது கிலோமீட்டரில், திரும்பும் இடத்தில் நின்ற கம்பெனிக்காரர் திம்மப்பனுக்குப் போன் செய்தார்: இருபது நிமிடம் பத்து நொடி. வரும் வழியில்தான் ஏற்றம். அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான், மறுபடியும் போட்டான். எப்படிப் போட்டாலும் நாற்பதைத் தாண்டியது. லாரிகள் வந்தன, மினி பஸ் வந்தது, தக்காளிக் கூடைகள் ஏற்றிய வேன் வந்தது. அவள் வரவில்லை. முப்பத்தெட்டு நிமிடம் ஆனபோது, நேரம் போகட்டும், ஆள் வந்தால் போதும் என்று அவனுக்குத் தோன்றியது. உடனே ஸ்ரீபெரும்புதூர் நினைவு வந்து அதையும் கெடுத்தது.

ஏற்றத்தின் அடியில் அவள் தலை தெரிந்தது. சீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. பெடல் மேல் எழுந்து நின்று, மைதானத்தில் ஓடுவாளே, அதே மாதிரி ஓடிக்கொண்டிருந்தாள். எரிந்துபோன தொடைக்குப் பதில் கெண்டைக்காலும் இடுப்பும் வேலையை வாங்கிக்கொண்டிருந்தன. நாலு வாரம் ஓடிச் சேர்த்த மூச்சு முழுவதும் அந்த ஏற்றத்தில் செலவானது. கோட்டைத் தாண்டியதும் சைக்கிளோடு சாய்ந்தவளைக் கிங்ஸ்டன் தாங்கிக்கொண்டான். கடிகாரத்தில் துடிப்பு நூற்று எழுபத்தொன்று.

"முப்பத்தொம்பது, அம்பத்து மூணு" என்றார் திம்மப்பன்.

கிங்ஸ்டனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெசி அவன் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் திம்மப்பன் ஒரு படிவத்தை நீட்டினார். திங்கட்கிழமையிலிருந்து பயிற்சி, தினமும் காலை அறுபது கிலோமீட்டர், கிருஷ்ணகிரி ஹைவேயில். பாதுகாப்புக்குப் பின்னால் வேன் வரும் என்றார். வருஷம் முழுக்கவா என்று கிங்ஸ்டன் கேட்டான். இது வேலை ஆச்சேப்பா, என்றார் அவர்.

இத்தனை நாளாக அவன் ஜெபித்துக் கேட்டது, தினமும் அவளை லாரிகளுக்கு நடுவே அனுப்பும் இந்த வேலையைத்தான். இப்போதுதான் அது அவனுக்கு உறைத்தது.

ஜெசி படிவத்தை சைக்கிள் சீட்டின் மேல் வைத்து நிரப்பினாள். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"பயமா இருக்குதுங்களா?"

"இருக்குது."

"விடச் சொல்றீங்களா?"

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். பேனாவை வாங்கி, தன் பெயருக்கு எதிரே போன் நம்பரைத் தானே எழுதினான். ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்தி, அவசரத்தில் யார் பார்த்தாலும் ஏழும் ஒன்றும் குழம்பாதபடி.