சாமிக் கோழிகள்

ரோமாபுரிப் படையில் தளபதிக்கும் மேலே ஒரு தளபதி உண்டு. அது கோழி. நம்பாதவர்கள் ரோமும் கார்த்தேஜும் மோதிய போர்க்காலத்தில் சிசிலியின் தென்கரைக்கு வந்து, தளபதி தித்தூரியஸின் பாசறையில் ஒரு விடியலைப் பார்த்திருக்க வேண்டும். கப்பல் கிளம்பும் முன் கூண்டைத் திறந்து ரொட்டித் துணுக்கு வீசுவார்கள். கோழிகள் பாய்ந்து தின்று, அலகிலிருந்து துணுக்குகள் சிந்தினால் சாமி சம்மதம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு ஒருவனும் துடுப்பைத் தொட மாட்டான். ஊர் ஊராய்க் கொளுத்திய கூட்டம் ஒரு கோழியின் பசிக்குக் கைகட்டி நிற்கும்.

அந்தக் கூண்டின் எச்சத்தைச் சுரண்டிக் கழுவுவது அரிஷாத்தின் வேலை. கார்த்தேஜ்காரி, கப்பலோட்டியின் மகள், இப்போது அடிமை. அவளுக்கு மேலே வீபியஸ். பருத்த உடம்பு, சிரித்த முகம், சாமிக் கோழிகளுக்கு அவர்தான் பொறுப்பு. குளிரில் நடுங்கியவளுக்குத் தன் கம்பளியைக் கொடுத்தவர். பாசறையிலேயே அவள் வெறுக்காத ஒரே ரோமன்.

ஒரு நாள் மாலை வீபியஸ் ஊறவைத்த பார்லியைக் கூண்டுக்குள் அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். அரிஷாத்துக்குத் திக்கென்றது.

"என்னண்ணே இது? நாளைக்குக் கப்பல் கிளம்பணும், எப்பவும் பட்டினிதானே போடுவீங்க?"

"சத்தம் போடாத, கடல்காரி." வீபியஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். "நம்ம கப்பலுக்கு வழிகாட்டற கிரேக்க மாலுமி சொன்னதக் கேக்கலையா நீ? தெக்க கடல் சரியில்லையாம். இந்தப் பாறைக்கரையில புயல்ல சிக்கினா ஒரு பலகை மிஞ்சாதாம். தளபதிகிட்ட போய்ச் சொன்னா, 'கிரேக்கனுக்குத் தொடை நடுங்குது, சாமி சொல்லட்டும்'ங்கறான். சரி, சாமியே சொல்லட்டும். வயிறு முட்டத் தின்ன கோழி காலையில எதத் திங்கும்?"

"தெரிஞ்சா உங்களப் பிரம்பாலேயே அடிச்சுக் கொன்னுடுவாங்களே."

"யார் சொல்லப் போறா? நீயா?" என்று சிரித்தார். "கார்த்தேஜ்காரி வாக்கை நம்பலாமா?"

அது அவர்கள் ஊர் நக்கல். கார்த்தேஜ்காரன் வாக்கு என்றால் பொய் என்று பொருளாம். அரிஷாத்தும் சிரித்து வைத்தாள். உள்ளே பற்றி எரிந்தது.

வாக்கு! அவள் ஊரான ருஸ்பாலின் கோட்டை வாசலில் தித்தூரியஸ் தன் சாமியின் மேல் ஆணையிட்டுக் கத்தினானே, "திறந்தால் எல்லாருக்கும் உயிர்ப்பிச்சை" என்று, அதற்கு என்ன பேர்? அரிஷாத்தின் கணவன் அங்கே காவல். திறக்க மாட்டேன் என்று நின்றவனைக் கெஞ்சித் திறக்க வைத்தவளே அவள்தான். இடுப்பில் இருந்த மகள் பசியில் அழுதுகொண்டிருந்தாள். கதவு திறந்த பிறகு முதலில் வெட்டப்பட்டவன் அவன். பிள்ளையைப் பிடுங்கியபோது, "ஆணை வச்சீங்களே, ஆணை வச்சீங்களே" என்று அவள் அலறினாள். தித்தூரியஸ் குதிரைமேல் இருந்தபடியே, "சாமி சத்தியமெல்லாம் மனுசங்களுக்குத்தான்" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவள் காதைவிட்டு இன்னும் போகவில்லை.

கடல் என்ன செய்யப்போகிறது என்பது கிரேக்கனுக்கு முன்பே அவளுக்குத் தெரியும். காற்றே இல்லாமல் காலையிலிருந்து நீளநீளமாக அலை புரண்டு வந்தது. கடற்பறவை எல்லாம் மலைப்பக்கம் போய்விட்டன. தானித் தாயே, கடைசியில் கண்ணைத் திறந்தாயே என்று தன் ஊர்த் தெய்வத்தைப் பகல் முழுக்கக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது இந்தக் குண்டு மனிதர் ஒரு பிடி பார்லியால் தித்தூரியஸைக் காப்பாற்றப் பார்க்கிறார். விட்டுவிட முடியுமா?

கப்பல் கிளம்பினாலும் கிளம்பாவிட்டாலும் தித்தூரியஸுக்குக் காலையில் மீன்சாற்றில் வெந்த கோழி வேண்டும். சமையல் கூடாரத்தின் பின்னே பிரம்புக்கூடையில் அதற்கான கோழிகள் இருந்தன. குடல் சுத்தமாக இருக்கவேண்டும் என்று சமையற்காரன் முந்தின நாளே தீனியை நிறுத்திவிடுவான். சாமிக் கோழியும் சமையல் கோழியும் ஒரே வியாபாரியிடம் வாங்கியவைதான். கூண்டு ஏறியது சாமி, கூடை ஏறியது குழம்பு. கோழியின் நெற்றியிலா எழுதி ஒட்டியிருக்கிறது?

விடிவதற்குச் சற்று முன், சாம்பல் அள்ளப் போகிறவள்போல் போய், அரிஷாத் அவற்றை இடம் மாற்றினாள். தின்று மயங்கிக் கிடந்த சாமிக் கோழிகள் கூடைக்குள் சத்தமில்லாமல் அடங்கின. சமையற்காரன் தூக்கக் கலக்கத்தோடு வந்து, கூடைக்குள் கைவிட்டு, கழுத்தை ஒவ்வொன்றாகத் திருகினான்.

சூரியன் தலைகாட்டியதும் தித்தூரியஸ் சிவப்பு அங்கியில் வந்து நின்றான். பின்னால் படை மூச்சுக்கூட விடாமல் நின்றது. வீபியஸ் நிம்மதியான முகத்தோடு கூண்டைத் திறந்து துணுக்குகளை வீசினார்.

கோழிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு பாய்ந்தன. துணுக்குகள் நாலாபக்கமும் தெறித்தன. கரை முழுக்க ஆரவாரம்.

வீபியஸின் முகத்தில் ஈயாடவில்லை. தினம் தன் கையால் தீனி வைத்த கோழிகளை அவருக்குத் தெரியாதா? கூண்டைப் பார்த்தார். பிறகு அரிஷாத்தைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் நின்றுவிடும். ஆனால் சாமிக் கோழிக்கு என்ன ஆயிற்று, ராத்திரி அதற்குப் பார்லி கொட்டியது யார் என்ற கேள்வி வரும். பிரம்பு வரும். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

"சாமி உத்தரவு குடுத்தாச்சு!" என்றான் தித்தூரியஸ். "எங்கடா அந்தக் கிரேக்கன்? அவன் முகத்தப் பாக்கணும் எனக்கு." கரையிலேயே உட்கார்ந்து கோழியைப் பிய்த்துத் தின்றான், எலும்பைக்கூட விடாமல் உறிஞ்சினான். அரிஷாத் ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மகளுக்குப் பிறகு அவள் அவ்வளவு ஆசையாக யார் சாப்பிடுவதையும் பார்த்ததில்லை.

சாமிக் கூண்டு தளபதியின் கப்பலில்தான் போகவேண்டும், கூண்டோடு வீபியஸும். தண்ணீரோரம் அரிஷாத் கூண்டைத் தூக்கிக் கொடுக்க, அவர் அதை வாங்கிக்கொண்டே கேட்டார்.

"ஏன் புள்ள இப்படிப் பண்ண?"

"என் ஊர் ருஸ்பால்ணே."

ருஸ்பாலில் நடந்தது வீபியஸுக்குத் தெரியும். "நானும் அந்தக் கப்பல்லதானே போறேன்," என்றார் மெல்ல.

"தெரியும்ணே."

துடுப்புப் போடப் போகிற ஆயிரமாயிரம் பேரும் யாரோ பெற்ற பிள்ளைகள் என்பதும் அவளுக்குத் தெரியும். அழுகை வந்தது. மனம் மட்டும் இளகவில்லை.

"எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க. கிழக்குமுனை தாண்டினதும் காத்து அடிக்கும். இனிமே கரை இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோற நேரத்துல, அவன் காதுல சொல்லுங்க. காலையில நீ தின்னது உன் சாமிக் கோழியத்தான்னு சொல்லுங்க. தின்ன வச்சது ருஸ்பால்காரின்னும் சொல்லுங்க."

வீபியஸ் கூண்டோடு ஏணியில் ஏறினார்.

மதியத்துக்குள் வானமும் கடலும் ஒன்றாய்க் கறுத்தன. காற்று கூடாரங்களையே பிடுங்கி எறிந்தது. கரையில் மிஞ்சியிருந்த ரோமர்கள் மண்டியிட்டுச் சாமியைக் கூப்பிட்டார்கள். அரிஷாத் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீபியஸ் சொன்னாரா, இல்லையா? சொல்லாமலே போயிருந்தால் அந்தப் பாவி, சாமி தன் பக்கம் என்று நம்பிக்கொண்டே செத்திருப்பான். அது அவளுக்குப் போதாது.

மறுநாள் கரை முழுக்கப் பலகைகளும் பிணங்களும். உயிரோடு ஒதுங்கியவர்கள் வெகு சிலர். தளபதியின் கப்பல் துடுப்புக்காரன் ஒருவன் மணலில் கிடந்து முனகினான். அரிஷாத் அவன் தலையை மடியில் ஏந்தித் தண்ணீர் புகட்டினாள்.

"தளபதி எப்படிப் போனாரு?"

"அத ஏன்மா கேக்குற?" அவனுக்குப் பல் கிட்டித்தது. "பாய்மரம் முறிஞ்சிடுச்சு, எல்லாரும் கயித்தப் புடிச்சுத் தொங்கறோம். கோழிக்காரர் தவழ்ந்து போயி அவர் காதுல என்னமோ சொன்னாரு. அவ்வளவுதான். மனுசன் கயித்த விட்டுட்டாரு. மண்டி போட்டு, தொண்டைக்குள்ள விரல விட்டு வாந்தி எடுக்கப் பாத்தாரு. வரல. சின்னப்புள்ள மாதிரி அழுதாரு. 'மன்னிச்சிடு, மன்னிச்சிடு'ன்னு கத்திக்கிட்டே இருந்தாரு, அலை வந்து அடிச்சிட்டுப் போற வரைக்கும்."

அரிஷாத் அவன் முகத்தில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தாள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள்.