மேலே என்றால் எந்தப் பக்கம்

எஃபியின் வீட்டில் மூன்று மாதமாக ஒரே ஒரு வார்த்தைக்காகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்த வார்த்தை 'மேலே'.

கனடாவின் வடகோடியில், பீல் ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு அதில் குழப்பமே கிடையாது. ஆறு வரும் பக்கம் மேலே, போகும் பக்கம் கீழே. ஆகவே தெற்கே இருக்கும் மலைகள் மேலே, ஃபோர்ட் மெக்ஃபெர்சன் ஊர் கீழே. ஆனால் எஃபியின் மகள் லொரெட்டா கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட டேரனுக்கோ, வரைபடத்தில் வடக்குதான் மேலே. மலையிலிருந்து ஊருக்கு இறங்கி வந்து காலணியைக் கழற்றும்போதே, "ஒருவழியா மேலே வந்து சேர்ந்துட்டேன்" என்பான்.

"ஆறு தலைகீழா ஓடுற ஊர்லேருந்து பிடிச்சிட்டு வந்திருக்கா பாரு" என்று எஃபி அவன் காதுபடவே சொல்வாள்.

டேரன் வெகு தெற்கே இருக்கும் சாஸ்கட்சுவான் சமவெளிக்காரன். நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளர். சாலையோரச் சரிவுகளில் குழாய் இறக்கி, உறைந்த மண் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று அளப்பது அவன் வேலை. எஃபி அதே சாலையில் பத்தொன்பது வருடமாக கிரேடர் ஓட்டி, சரளையைச் சமன்படுத்துகிறவள். கணவன் வில்ஃப்ரெட் சரளை லாரி ஓட்டினான். கிறிஸ்துமஸுக்குக் கல்யாணம் வைத்துக்கொள்ளலாமா என்று லொரெட்டா கேட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது. எஃபி இன்னும் வாய் திறக்கவில்லை. மகளைத் தெற்கே கூட்டிக்கொண்டு போய்விடுவானோ என்ற பயம் அவளுக்கு. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, 'மேலே'யைப் பிடித்துக்கொண்டாள்.

வில்ஃப்ரெட்டுக்குச் சண்டையே பிடிக்காது.

"அவன் மேலேன்னா நீ கீழேன்னு எடுத்துக்கோயேன், எஃபி. நான் அப்படித்தான் செய்யறேன். ஒரு தொந்தரவும் இல்ல."

"உனக்கென்ன, எதையும் திருப்பிப் போட்டுக்குவ. சட்டையைக்கூட."

செப்டம்பர் முதல் வாரம். முன்பெல்லாம் இந்த நேரத்தில் மலைமேல் பனி விழும். அந்த வருடம் ஒன்பது நாள் விடாமல் மழை. அன்று காலை வில்ஃப்ரெட் விடியும்போதே மலைப்பக்கக் குவாரிக்குப் போய்விட்டான். எஃபி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது டேரன் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே, "நான் மேலே போறேன். இருபத்துநாலாம் கிலோமீட்டருக்கு" என்று மலைப்பக்கம் கையைக் காட்டினான்.

எஃபி கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"சரியா சொல்றான்ல?" என்று லொரெட்டா சிரித்தாள். "ரெண்டு வாரமா பாடம் எடுத்திருக்கேன்மா. தப்பா சொன்னா மீன் கிடையாதுன்னு."

"அண்டங்காக்கைகூடத்தான் சொன்னதைச் சொல்லும்" என்றாள் எஃபி. ஆனாலும் அவன் பையில் இன்னொரு துண்டு உலர்மீனை வைத்து அனுப்பினாள்.

மதியம் எஃபி இருபத்தைந்தாம் கிலோமீட்டரில் இருந்தாள். சாலையோர ஸ்ப்ரூஸ் மரங்கள் போன வாரத்தைவிட இன்னும் சாய்ந்திருந்தன. அடியில் கிடந்த பழைய பனிக்கட்டி உருகினால் வேருக்குப் பிடிப்பேது? சரிவு முழுக்க ஈரச் சேறு வழிந்து சாலை விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. கிரேடரை ஓரம் கட்டிவிட்டுப் பார்த்தாள். மலைப்பக்கம் சற்று தூரத்தில் வில்ஃப்ரெட்டின் லாரி, சரளையோடு, ஊரைப் பார்த்து நின்றிருந்தது. வழக்கம்போல டேரனுக்குத் தேநீர் கொடுக்க நிறுத்தியிருப்பான். டேரனைக் காணவில்லை. சரிவின் உச்சியில் மூடுபனி.

கிரேடரிலிருந்த இருவழி வானொலி கரகரத்தது. டேரனின் குரல், மூச்சு வாங்க.

"வில்ஃப்ரெட்! இங்க விரிசல் விடுது. ரோட்டை நோக்கி ஓடி வருது! மேலே போங்க! உடனே மேலே!"

"சரி, கிளம்பிட்டேன்" என்றான் வில்ஃப்ரெட், சோறு சாப்பிடக் கூப்பிட்டதைப் போல.

நல்லது, பின்னால் போய்விடுவான் என்று நினைத்தாள் எஃபி. ஆனால் லாரியின் முன்விளக்குகள் பெரிதாகின. அவளை நோக்கி வந்தன.

அந்த ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு. டேரன் அவர்கள் பேச்சில் மேலே என்றிருக்கிறான், மலைப்பக்கம். வில்ஃப்ரெட், பாவம், பையனின் பேச்சுதானே என்று திருப்பிப் போட்டுக்கொண்டு ஊர்ப்பக்கம் வருகிறான். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, நடுவில் அவள் கணவன் விரிசலை நோக்கி வந்துகொண்டிருக்கிறான்.

ஒலிவாங்கியை எடுத்தாள். மேலே, கீழே இரண்டையும் விட்டுவிட்டாள்.

"வில்ஃப்ரெட், நில்லு! பின்னால போ! குவாரிப் பக்கம்! குவாரி! பின்னால எடு!"

விளக்குகள் நின்றன. ஒரு நிமிடம் போலத் தோன்றிய இரண்டு மூன்று நொடி. பிறகு லாரி பின்னால் நகரும்போது அடிக்கும் அந்தப் பீப் சத்தம். இத்தனை வருடம் அவளுக்கு எரிச்சலூட்டிய சத்தம். அன்று அது சிறிதாகிச் சிறிதாகி விலகிப் போனதைக் கேட்டபோது அவளுக்கு அழுகை வந்தது.

சரிவு ஒரு பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. அவ்வளவுதான் ஓசை. இருவருக்கும் நடுவில் ஐம்பது மீட்டர் சாலை, மைல்கம்பத்தோடு, மரங்களோடு, அவசரமே இல்லாமல் பள்ளத்தாக்குக்குள் இறங்கிப் போயிற்று. போன இடத்தில் கறுப்புச் சேறும், அழுக்குக் கண்ணாடி மாதிரி மின்னும் பனிக்கட்டியும்.

"எஃபி" என்றான் வில்ஃப்ரெட் வானொலியில். "நான் நல்லா இருக்கேன். தேநீர்தான் கொட்டிப்போச்சு."

"எத்தனை தடவை சொன்னேன், எதையும் திருப்பிப் போடாதேன்னு!"

"அவன் மேலேன்னு சொன்னா கீழேன்னு…"

"அவன் கத்துக்கிட்டான்யா! நம்ம பேச்சைக் கத்துக்கிட்டான்! உன்கிட்டதான் யாரும் சொல்லல!"

"அடடா" என்றான் வில்ஃப்ரெட்.

கொஞ்ச நேரத்தில் மூடுபனியிலிருந்து, முழங்கால்வரை சேறோடு டேரன் லாரிப்பக்கம் இறங்கி வருவது தெரிந்தது. வில்ஃப்ரெட் அவனை இழுத்து அணைத்துக்கொண்டதையும் இந்தப் பக்கத்திலிருந்தே பார்த்தாள். பிறகு டேரனின் குரல், பயந்துபோய்.

"எஃபி, மன்னிச்சிடுங்க. நான் சரியாத்தான் சொன்னேன்னு நினைச்சேன்."

"சரியாத்தான் சொன்ன." என்றாள் எஃபி. "அந்த மழையில அங்க நின்னு பார்த்துட்டு இருந்தியே, அதுக்கு மாஸி சோ. ரொம்ப நன்றிப்பா. வில்ஃப்ரெட், உன் பையில இருக்கிற உலர்மீனை அப்படியே மாப்பிள்ளைக்குக் கொடுத்துடு. நீ தொடாதே."

உடனே, சாலை முழுக்கக் கேட்கும் அந்த அலைவரிசையில், ஊர்ப்பக்கமாக முப்பது மைல் தள்ளி ஆற்றைக் கடக்கும் படகை ஓட்டும் நீலின் குரல் வந்தது.

"எஃபி, மாப்பிள்ளைன்னா சொன்ன?"

"ரோடு போயிடுச்சுன்னு சொன்னேன். வண்டிகளை அங்கேயே நிறுத்து."

"அது கேட்டுது. மாப்பிள்ளைன்னும் கேட்டுது."

"நானும் கேட்டேன்" என்றார் யாரோ ஒரு லாரிக்காரர்.

எஃபி பள்ளத்தைப் பார்த்தாள். அடுத்த கோடையில் எது போகுமோ. நாளைக்கே டேரனிடம் உட்கார்ந்து, சாலையில் ஆபத்து என்றால் மேலே கீழே பேசக்கூடாது, குவாரிப் பக்கம், படகுப் பக்கம் என்றே சொல்லவேண்டும் என்று எல்லோருக்கும் எழுதி ஒட்டச் சொல்லவேண்டும். அது நாளைக்கு. இன்றைக்கு அக்கரையில் இரண்டு பேர் நின்று ஒரே மீனைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அவள் தொடாதே என்று சொன்னவனும்தான்.

"ஆமா, சொன்னேன்" என்றாள் நீலிடம். "கிறிஸ்துமஸுக்கு. நல்ல சட்டை போட்டுக்கிட்டு வா."