சிவப்புப் பேனாவின் சத்தம்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு அன்று காலையிலிருந்தே ஒரு வேலையும் ஓடவில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் தலைமையாசிரியையான பெரிய டீச்சர் வகுப்புக்கு வருகிறார். பிள்ளைகள் கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து, காதில் விழுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும் அந்தப் பத்து நிமிடம் இனி இருக்குமா இருக்காதா என்று இன்றைக்குச் சொல்லிவிடுவார். போய்விட்டால் அது நேரே கணக்கு வாத்தியாரின் வாய்ப்பாட்டுக்குத்தான் போகும். மனுஷர் ஒரு மாதமாக அதன்மேல் கண் வைத்திருந்தார். சும்மா உட்கார்வதற்கு வீட்டில் சோபா இருக்கிறது, பள்ளிக்கூடம் எதற்கு என்று டீ நேரத்திலெல்லாம் குத்திக்கொண்டே இருந்தார்.

அந்தப் பத்து நிமிடத்தின் அருமை டீச்சருக்குத்தான் தெரியும். முன்பெல்லாம் சாப்பிட்டுவிட்டு வரும் முப்பத்தோரு பிள்ளைகளும் வகுப்பைச் சந்தைக்கடை ஆக்கிவிடுவார்கள். ஒன்று கிள்ளும், ஒன்று அழும், ஒன்று மேஜைக்கு அடியில் குடித்தனம் நடத்தும். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட டீச்சர் கையால்தான் சாடை காட்டுவார். கல்யாணமான நாளிலிருந்து வீடு இவ்வளவு நிம்மதியாக இருந்ததே இல்லை என்று வீட்டுக்காரர் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பிறகுதான் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் இதைக் கற்றுக்கொண்டு வந்தார். டம்ளரில் ஸ்பூனால் ஒரு தட்டு. அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை கேட்க வேண்டும். அப்புறம் மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்க்க வேண்டும். கடைசியில் கேட்டதை ஒவ்வொருவராகச் சொல்லலாம். முதல் வாரம் ஒரே சிரிப்பும் கூத்தும்தான். இரண்டாம் வாரத்திலிருந்து என்ன மாயமோ, கிள்ளுவதில் பேர்போன, சுண்டெலி என்று எல்லோரும் கூப்பிடும் பையன்கூடச் சிலை மாதிரி உட்கார்ந்தான். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

பெரிய டீச்சர் வந்தார். குட்டி பெஞ்சில் முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒருவழியாக மடித்து உட்கார்ந்தார். டீச்சர் டம்ளரைத் தட்டினார். முப்பத்தோரு ஜோடிக் கண்களும் மூடின. மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. பெரிய டீச்சரின் புருவம் மேலே போனதைப் பார்த்ததும் இவருக்கு உயிர் வந்தது. வந்த நிம்மதியில், கை தினமும் செய்யும் வேலையைச் செய்தது. மேஜைமேல் இருந்த டிக்டேஷன் நோட்டுக் கட்டை இழுத்து, சிவப்புப் பேனாவைத் திறந்து, திருத்த ஆரம்பித்துவிட்டார்.

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி டம்ளரைத் தட்டி, என்னென்ன கேட்டீர்கள் என்றார். ஃபேன் முனகுகிறது என்றது ஒன்று. தன் வயிற்றுக்குள் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள் என்றது இன்னொன்று. அடுத்து, வாய் ஓயாத காரணத்தால் வானொலி என்று பெயர் வாங்கிய பெண் எழுந்து நின்றாள்.

"நாலு நோட்டு ஆச்சு டீச்சர். மூணாவது நோட்டுல ஆறு தப்பு. அது சுண்டெலியோடது."

"ஆறு இல்ல, அஞ்சுதான்," என்றான் சுண்டெலி. "ஒண்ணு நீ தும்மினது."

இது எப்படித் தெரியும் என்று பெரிய டீச்சர் கேட்டார். வானொலிக்குக் கேட்கவா வேண்டும். சரி என்றால் பேனா ஒரே இழுப்பாக சர்ரென்று போகும், தப்பு என்றால் சரக் சரக் என்று இரண்டு தடவை கீறும், நோட்டு பெஞ்சு வரிசையில் அடுக்கியிருப்பதால் யாருடையது என்பதும் தெரிந்துவிடும் என்று விளக்கிவிட்டாள். வகுப்பே ஆமாம் ஆமாம் என்றது. தன் நோட்டு எப்போது வருமென்று பயமாகவே இருக்கும் என்றது முன்வரிசையில் ஒன்று.

டீச்சருக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு மாதமாக மனசு அமைதி என்று பெருமைப்பட்டதெல்லாம் ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த பயம்தானா? சிரித்து மழுப்பியிருக்கலாம். பிள்ளைகளின் கவனத்தைப் பாருங்கள் என்று அதையே கெட்டிக்காரத்தனமாகத் திருப்பியும் விட்டிருக்கலாம். மனசு வரவில்லை.

"தப்பு என்னோடதுதான் மேடம். இவங்கள கண்ண மூடச் சொல்லிட்டு நான் நோட்டு திருத்திட்டு இருந்தேன். ஒரு நாள்கூட நான் சும்மா உக்காரல."

பெரிய டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் மூன்று நிமிடம் பாக்கி இருந்தது. எழுந்து வந்து பேனாவை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, உட்காருங்கள், நானும் உட்காருகிறேன் என்றார்.

டீச்சர் கண்ணை மூடினார். முதலில் தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்டது. யாரோ ஒற்றைக் கண்ணால் தன்னை வேவு பார்ப்பது நன்றாகவே தெரிந்தது. மூச்சு மெல்ல இறங்கியது. ஃபேன் நிஜமாகவே முனகியது. இத்தனை நாள் இதைக் கேட்டதே இல்லையே என்று நினைத்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் கணக்கு வாத்தியாரின் வகுப்பு வாய்ப்பாடு சொல்வது காதில் விழுந்தது. நாற்பது தொண்டைகள், ஒரே ராகம், ஏழெட்டு ஐம்பத்துநாலு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே ஐம்பத்துநாலு.

டீச்சர் டம்ளரைத் தட்டியதும் வானொலி வாயைத் திறப்பதற்குள் பெரிய டீச்சரே கையைத் தூக்கிவிட்டார். தானும் ஒன்று கேட்டதாகவும், அதைப் போய்ச் சரிசெய்துவிட்டு வருவதாகவும் சொன்னார். வாசல்வரை போனவர் நின்றார்.

"இந்தப் பத்து நிமிஷத்தையும் அவர்கிட்ட குடுத்தா, தப்பா சொல்றதுக்கு இன்னும் பத்து நிமிஷம் கெடைக்கும். இது இங்கயே இருக்கட்டும். ஆனா அந்த நேரத்துல நோட்டு எல்லாம் என் ரூமுக்கு வந்துடணும்."

மறுநாள் நோட்டு இல்லை, பேனா இல்லை. கேட்டுக்கொண்டிருக்க ஒன்றும் இல்லாததால் சுண்டெலி பக்கத்துப் பையனைக் கிள்ளினான், பென்சில் டப்பா விழுந்தது, சிரிப்பு ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்குத் தாவியது. டீச்சர் எல்லாவற்றையும் கேட்டார். கண்ணைத் திறக்கவில்லை, கத்தவும் இல்லை. ஏழாவது நிமிடத்தில் வானொலி தன் பக்கத்தில் இருப்பவளிடம் கிசுகிசுப்பது மட்டும் கேட்டது.

"டீச்சர் நெஜமாவே சும்மா இருக்காங்கடி. வா, நாமளும் இருந்து பாப்போம்."