அரிசி என்று சொல்லக் கூடாது

ஷூலான் பாதி வாக்கியத்தில் இருந்தபோதே போன் திரை சிவந்தது.

'நேரலை நிறுத்தப்பட்டது. மூன்றாவது எச்சரிக்கை. முப்பது நிமிடத்தில் மேல்முறையீடு செய்யாவிட்டால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும்.'

அவள் பின்னால், கூரை தொட அடுக்கிய புது அறுவடை மூட்டைகள். அத்தனையும் இந்த ஒரு சேனலை நம்பித்தான் இருந்தன. ஆறு வருட உழைப்பு. மூன்று லட்சம் பார்வையாளர்கள்.

"என்னத்தடி சொல்லித் தொலைச்சேன்?"

"மிகச் சிறந்ததுன்னு ஏதாச்சும் வாய் தவறுச்சா?" என்றாள் கேமரா பிடித்த தங்கை யான்பிங்.

"மிகைச் சொல்லுக்குத் தடைன்னு முதல் எச்சரிக்கை அதுக்குத்தானே வந்துச்சு. இப்ப கனவுல கூட 'பரவால்ல, நல்லாருக்கும்'னுதான் சொல்றேன்."

யான்பிங் காரணத்தைத் தட்டிப் படித்தாள். 'பணத்தை மறைசொல்லால் குறித்தது.'

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நேரலையில் பணம் என்று சொன்னால் செயலி தடுத்துவிடும் என்று எல்லா வியாபாரிகளுக்கும் பயம். அதனால் 'அரிசி' என்பார்கள். ஐம்பது அரிசிக்குச் சட்டை, நூறு அரிசிக்குச் செருப்பு. செயலியின் தணிக்கை இயந்திரம் இப்போது அந்தத் தந்திரத்தையும் கற்றுக்கொண்டுவிட்டது.

"அக்கா, காலையிலேர்ந்து நீ நூறு தடவை அரிசின்னுருக்கே."

"அரிசி விக்கிறவ பின்ன செருப்புன்னா சொல்வா?"

பதினெட்டு நிமிடம் மீதம். ஷூலான் மேல்முறையீட்டுப் பெட்டியில் அடித்தாள்: 'நான் விற்பது நிஜமான அரிசி.'

'தடை செய்யப்பட்ட சொல் உள்ளது. அனுப்ப முடியாது.'

'நெல்' என்று மாற்றினாள். அதற்கும் அதே பதில். ஒன்பது நிமிடம்.

"பானையில வேகுமே, அதைச் சொல்லு," என்றாள் யான்பிங்.

"சோறுன்னா விடுமா?"

"அனுப்பிப் பாரு."

'நான் சோறு விற்கிறேன். வேறெதையும் குறிக்கவில்லை.' அனுப்பு. போனது.

சுழலும் வட்டத்தையே இருவரும் பார்த்தபடி நின்றார்கள்.

பச்சைப் பட்டை.

'மேல்முறையீடு ஏற்கப்பட்டது.'

யான்பிங் அக்காவைக் கட்டிக்கொண்டாள். ஷூலான் அவள் தோளுக்கு மேலாக மீதி வரிகளைப் படித்தாள்.

'உங்கள் விற்பனை வகை: சமைத்த உணவு. உணவக உரிமத்தை ஒரு மணி நேரத்துக்குள் பதிவேற்றவும். தவறினால் கணக்கு மூடப்படும். மீதமுள்ள மேல்முறையீடுகள்: பூஜ்ஜியம்.'

"ஏண்டி," என்றாள் மெதுவாக, "நம்மகிட்ட அடுப்பு இருக்கு. உரிமம் யார்கிட்ட இருக்கு?"