ரோஸ்வித்தா கொட்டிய பீர்

மியூனிக் ஆய்வுக்கூடத்தில் ரோஸ்வித்தாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொதிக்கும் ஊற்றில் வாழும் நுண்ணுயிரை அரைத்துச் சாறெடுத்திருந்தாள். ஈஸ்ட்டில் ஒரு புரதம் உண்டு. மற்ற புரதங்கள் சரியாக மடிய உதவுவது அதன் வேலை. அதை மட்டுமே பிடிக்க வேண்டிய எதிர்ப்பொருள் இந்தச் சாற்றிலும் போய் ஒட்டிக்கொண்டது. எத்தனை முறை செய்தாலும், ஒட்டியதைக் காட்டும் அதே கறுப்புக் கோடு.

பக்கத்து மேசை கொர்பினியன் வீட்டில் பீர் காய்ச்சி, மதியம் பிரெட்ஸல் ரொட்டியோடு குடிக்க எல்லோருக்கும் கொண்டுவருவான். அவன் பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்தான் சாற்றில் கலந்துவிட்டது என்று முடிவுகட்டிப் புட்டிகளையெல்லாம் தொட்டியில் கவிழ்த்தாள்.

“அடிப்பாவி! என்ன பண்ற?”

“உன் ஈஸ்ட் என் சாத்துல நீச்சலடிக்குதுடா!”

“அப்போ அந்தச் சாத்த எண்பது டிகிரில வச்சுப் பாரு. என் ஈஸ்ட்டோட புரதம்னா முட்டை மாதிரி வெந்து அடியில உக்காந்துடும்.”

வைத்தாள். குட்டி போட்ட பூனை போல அலைந்தாள். வெந்து திரண்டதை ஒதுக்கிவிட்டு, மேலே தெளிந்து நின்றதை மட்டும் சோதனைக்கு எடுத்தாள்.

மறுநாள் காலை கோடு முன்னைவிடக் கறுப்பாக வந்திருந்தது. அப்படியானால் அது ஊற்று உயிரின் சொந்தப் புரதம். ஒரே எதிர்ப்பொருள் பிடிக்கும் அளவுக்கு இரண்டின் புரதமும் ஒத்திருக்கிறதென்றால், ஈஸ்ட்டுக்கும் அதற்கும் எப்போதோ ஒரே மூதாதை.

“கலப்படம் இல்லடா,” என்றாள், குரல் இறங்கி. “ரெண்டும் பங்காளிங்க.”

கொர்பினியன் காலிப் புட்டியைத் தலைகீழாக ஆட்டிக் காட்டினான்.

“அதுல ஒரு பங்காளியத்தான் நேத்தே சாக்கடைக்கு அனுப்பிட்டியே.”