ஜனவரியின் பதினான்கு நாட்கள்

ட்ருடியின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஒன்பது வருடம் வாரத்துக்கு நாலைந்து முறை அவள் குரலைக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஒஹாயோ ஆற்றங்கரையில் எங்கள் ஊர் மருத்துவமனையில், கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவின் முன்மேசையில் நான் வேலை பார்த்தேன். அவள் கொலம்பஸில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் தொலைபேசி எடுப்பவள். நோயாளிக்குச் சிகிச்சை தொடங்கும் முன் அவர்கள் அனுமதி வேண்டும். நான் கூப்பிடுவேன், அவள் எடுப்பாள். அவள் கணினி மெதுவாகத் திறக்கும். அந்த ஒரு நிமிடத்தில்தான் எங்கள் நட்பு வளர்ந்தது. அவள் பூனைக்கு நீரிழிவு. என் தக்காளிச் செடியில் பூச்சி. இப்போது அந்த வேலையை இணையப் பக்கம் ஒன்று நொடியில் செய்துவிடுகிறதாம். பூனை எப்படி இருக்கிறது என்று அதனிடம் கேட்க முடியாது.

எங்கள் மருத்துவமனைக்கும் ட்ருடியின் நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் அந்த வருடம் டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிவதாக இருந்தது. புதியது கையெழுத்தாகவில்லை. வானொலியில் காலையில் இவர்கள் அவர்களைக் குற்றம் சொல்வார்கள், மாலையில் அவர்கள் இவர்களை. ஜனவரி ஒன்று முதல் அந்தக் காப்பீடு எங்கள் வாசலில் செல்லாது. ஊரில் பாதிப் பேர் அந்தக் காப்பீட்டில் இருந்தார்கள்.

கிளெமென்ட் வாஸும் அதில் ஒருவர். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். தொண்டையில் புற்றுநோய். தினமும் காலை பத்து மணிக்கு மனைவி எட்னாவோடு வருவார்.

"நோரீன், என் வண்டியில ரெண்டு பசங்க அடிச்சுக்கிட்டா ஓரமா நிறுத்தி எறக்கி விட்ருவேன்," என்றார் ஒருநாள், கரகரத்த குரலில். "இதுங்க ரெண்டையும் எங்க எறக்கி விடறது?"

"தொண்டைக்கு ஓய்வு குடுன்னா கேக்கறியா நீ?" என்று எட்னா அதட்டினாள். "நாப்பது வருஷமா நான் கெஞ்சி நடக்காதத டாக்டர் சொல்லியும் நடக்கல."

அவருக்கு மொத்தம் முப்பத்துமூன்று நாள் சிகிச்சை. வருடக் கடைசிக்குள் பத்தொன்பது முடியும், பதினான்கு மிஞ்சும். அவர் முகத்தின் மேல் வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை அழுத்தி, அச்சாக ஒரு முகமூடி செய்திருந்தார்கள். அதை மேசையோடு பூட்டினால் தலை இம்மியும் அசையாது. அந்த முகமூடி எங்கள் இயந்திரத்துக்கு மட்டுமே பொருந்தும். அவர் காப்பீடு செல்லும் வேறு மருத்துவமனை இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தது. அங்கே போனால் புது முகமூடி, புதுக் கணக்கீடு, குறைந்தது இரண்டு வார இடைவெளி. "அந்த ரெண்டு வாரத்துல கட்டி திரும்பத் தலைதூக்கிடும். இதுவரைக்கும் பட்ட பாடெல்லாம் வீண்," என்று டாக்டர் அபர்னத்தி என்னிடம் சொல்லியிருந்தார்.

ஆனாலும் நான் கவலைப்படவில்லை. சிகிச்சையின் நடுவில் இருப்பவர்களுக்கு மட்டும் பழைய ஒப்பந்தமே தொண்ணூறு நாள் தொடரும் என்று விதி இருந்தது. விண்ணப்பம் போட்டால் போதும். கிளெமென்டின் விண்ணப்பத்தை நானே அனுப்பியிருந்தேன்.

டிசம்பர் முப்பதாம் தேதி காலை எட்னா ஒரு கடிதத்தை என் மேசையில் வைத்தாள். "சிகிச்சை முடிஞ்சிருச்சாம். எப்ப முடிஞ்சுது நோரீன்? எங்களுக்குச் சொல்லவே இல்லையே?"

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. ஜனவரியில் அவருக்குச் சிகிச்சை எதுவும் குறிக்கப்படவில்லை என்பது காரணம்.

சிகிச்சைத் தேதிகள் எழுதும் குறிப்பேட்டிலிருந்து அந்தப் பதினான்கு நாட்களையும் எடுத்தது நான்தான்.

முந்தைய வருடம் வேறொரு காப்பீடு முறிந்தபோது, விவரம் தெரியாமல் சிகிச்சைக்கு வந்துவிட்ட ஒரு மூதாட்டி பிறகு வந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசையில் தலை சாய்த்து அழுதாள். இன்னொருவர் அப்படி அழக்கூடாது என்று, இந்த முறை ட்ருடியின் நிறுவனக் காப்பீட்டில் இருந்த எல்லோருடைய ஜனவரித் தேதிகளையும் யாரும் சொல்லாமலே நான் ரத்து செய்திருந்தேன். அனுமதி வந்தபிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் போடலாம் என்பது என் எண்ணம். தேதி இருந்தால்தான் அனுமதி வரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் யாரையும் கேட்காமல் விட்டேன்.

ட்ருடியைக் கூப்பிட்டேன்.

"வணக்கம் மேடம், இந்த அழைப்பு பதிவு செய்யப்படுது," என்றாள். சண்டை தொடங்கியதிலிருந்து அப்படித்தான். எழுதிக் கொடுத்ததை மட்டும் பேச வேண்டும் என்று அங்கே உத்தரவு. இங்கேயும் ஒரு உத்தரவு: எதையும் அவர்களுக்கு எழுத்தில் கொடுக்கக்கூடாது, எல்லாம் வக்கீல்கள் வழியாகத்தான். எங்கள் தவறு எதுவும் அவர்கள் கையில் சிக்கினால் பேச்சுவார்த்தையில் பயன்படுத்துவார்கள்.

நான் கிளெமென்டின் பெயரைச் சொன்னேன்.

"தேதிகள நோயாளி ரத்து செஞ்சாரா, மருத்துவமனை ரத்து செஞ்சுதா மேடம்?"

'பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம். எட்னா எதிரில் நின்று என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனதுக்குள் ஆண்டவரைக் கூப்பிட்டேன். பெரிய ஜெபம் ஒன்றும் இல்லை, "துணையா இரும்" என்று மட்டும்.

"நான்தான் ட்ருடி. என் தப்பு. அவருக்கு இன்னும் பதினாலு நாள் சிகிச்சை இருக்கு."

அவள் குரல் தாழ்ந்தது.

"நோரீன், பதிவாகுதுன்னு தெரிஞ்சுதானே சொல்றே?"

"தெரிஞ்சுதான்."

"அப்ப கேளு. இதையே உன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடு. டாக்டர் கையெழுத்தும் வேணும். நாளைக்கு எங்க ஆளுங்க யாரும் இருக்க மாட்டாங்க. இன்னிக்கே மூணு மணிக்குள்ள ஃபேக்ஸ் பண்ணிடு."

"உங்க ஃபேக்ஸ் மெஷின்ல என் தாளு எங்க கிடைக்கப்போகுது? மலையா குவிஞ்சு கெடக்கும்னு நீதானே சொன்னே?"

"குவிஞ்சுதான் கெடக்கு. நான் பக்கத்துல போய் நிக்கறேன். விழற தாள நேரா, இங்க அனுமதி முடிவு பண்ற நர்ஸ் மேசைக்குக் கொண்டு போறேன். எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம் அரை மணி இருக்கு. அதுக்குள்ள அனுப்பிடுவியா?"

எழுதினேன். 'இந்தத் தேதிகளை நீக்கியது நான். நோயாளியோ மருத்துவரோ அல்ல.' நாலு வரிதான். டாக்டர் அபர்னத்தி நின்றபடியே படித்தார். "ஹாலிஸ் உன்னச் சும்மா விட மாட்டார், தெரியுமில்ல?" என்றபடி கையெழுத்துப் போட்டார். ஹாலிஸ் என் மேலாளர்.

பன்னிரண்டு இருபதுக்கு அனுப்பினேன். எட்னா அன்று வீட்டுக்குப் போகவில்லை. காத்திருக்கும் அறையில் கிளெமென்ட் கோட்டை மடியில் வைத்துத் தூங்கினார். அவள் பையிலிருந்த ஆரஞ்சை உரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தாள். இன்னமும் என்மேல் ஒரு கோபச் சொல் அவளிடமிருந்து வரவில்லை. அது எனக்கு அடியைவிட வலித்தது.

"திட்டிடுங்க எட்னா," என்றேன்.

"திட்டணும்னுதான் இருந்தேன். நீ போன்ல ஒத்துக்கிட்டத கேட்டுட்டேனே. இனி எப்படித் திட்டறது? ஆரஞ்ச சாப்பிடு."

இரண்டே முக்காலுக்குத் தொலைபேசி மணி அடித்தது.

"தொண்ணூறு நாள் குடுத்துட்டாங்க," என்றாள் ட்ருடி. "உன் தேதிகளத் திரும்பப் போடு. மத்தவங்களோடதையும் இன்னிக்கே போடு, நோரீன். இன்னும் நாலு பேருக்கு இதே கடிதம் போயிருக்கு."

அந்த நாலு பேருக்காகவும் அதே போல எழுதி அனுப்பினேன். எல்லாவற்றையும் மாலைக்குள் சரி செய்தோம். ஹாலிஸ் மறுநாள் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒப்பந்தம் மார்ச்சில்தான் கையெழுத்தானது. இரு பக்கத்துப் பெரியவர்களும் கைகுலுக்கிச் சிரித்த படம் செய்தித்தாளில் வந்தது. அந்தப் படத்தை நான் எடுத்துவைக்கவில்லை. எனக்கு நினைவில் நிற்பது ஜனவரி இரண்டாம் தேதிக் காலைதான். ஆற்றில் மூடுபனி. பத்து மணிக்குக் கிளெமென்ட் உள்ளே போனார். எட்னா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன?"

"ட்ருடி."

"குடும்பப் பேரு?"

"தெரியாது. அவங்க அதச் சொல்லக்கூடாது."

"அதனால என்ன, ஆண்டவருக்குத் தெரியும்," என்று எட்னா கைகளைக் கோத்துக் கண்களை மூடினாள். நானும் மூடினேன். ஒரு தாளுக்காகச் சாப்பிடாமல் இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற ஒருத்தியை, முகம் தெரியாமல் இருவரும் ஆண்டவரிடம் ஒப்படைத்தோம்.

கிளெமென்ட் நெற்றியிலும் கன்னத்திலும் வலையின் தடம் சிவந்திருக்க வெளியே வந்தார்.

"நாளைக்கும் பத்து மணிதானே?" என்றார்.

நான் குறிப்பேட்டைத் திறந்து அவர் பெயரில் விரல் வைத்தேன்.

"பத்து மணிதான்."