குருசடிக்கு நேரே நெல்லையப்பன்

மீன்வள ஆய்வு அலுவலகமொன்றில் கணக்கெடுப்பாளராக இருந்த நெல்லையப்பன், கரையிலிருந்து பார்த்தால் நடுத்தர உயரமுள்ள மனிதர். கடலிலிருந்து பார்த்தால் திருவனந்தபுரத்து ஆரியசாலைக் கூரைகளுக்கும் தென்னைகளுக்கும் மேலே, புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளுக்கும் மேலே, இடுப்புவரை தெரிந்தார். வெயில் நல்ல தெளிவாக இருக்கும் நாளில் அவர் முகம் மழித்திருக்கிறாரா இல்லையா என்பதுகூட வள்ளத்திலிருப்பவர்களுக்குத் தெரிந்தது. அறைக்குள் படுத்திருக்கும்போதும் கடலுக்கு அவர் நின்றபடிதான் தெரிந்தார். இதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் சொன்னதை, மீன் வரத்தைக் குறித்துக்கொள்வதுபோல, மறுக்காமல் கேட்டுக்கொண்டார்.

இது தொடங்கியது ஒரு திட்டத்தில். கடலோடிகளின் அறிவைத் தொகுத்து, அதைக் கொண்டு எங்கே பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்று வரையறுக்க வேண்டும் என அலுவலகம் முடிவெடுத்தது. திருவனந்தபுரம் கடற்கரைக்காரர்கள் நடுக்கடலில் மூழ்கிக் கிடக்கும் பார்களை, அதாவது மீன் அடையும் பாறைத் திட்டுகளை, கரையிலுள்ள அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நேர்படுத்தி வைத்தே கண்டுபிடிக்கிறார்கள். ஒரு கோபுரத்துக்குப் பின்னால் ஒரு மலை முடி வந்து நின்றால் கீழே பார் இருக்கிறது. அதற்குக் கணிச்சம் என்று பெயர். கணிச்சத்தை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. உடன்பிறந்தவன் கேட்டாலும் பொய்தான் சொல்வார்கள், கேட்டவனும் பொய் என்று தெரிந்தே தலையாட்டிவிட்டுப் போவான். அது அங்கே மரியாதை. கணக்கெடுக்கப் போன மற்றவர்கள் இதை அறிந்திருந்தார்கள், சிரித்துவிட்டு வேறு ஆளைப் பார்க்கப் போனார்கள். நெல்லையப்பன் வலியதுறையில் பனியடிமை என்ற தூண்டில்காரரிடம் கேட்டபோது, அவர் வலைக்கூடத்து நிழலில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "என்ற கணிச்சம் நீங்க தன்னே சாறே. குருசடிக்கு நேரே நீங்க வந்து நிக்கும்போ நங்கூரத்தை இடும். பின்ன பார் தான்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சொல்பவர் சொன்னதைச் சொன்னபடியே பதிய வேண்டும் என்பது திட்டத்தின் விதி. நெல்லையப்பன் விதியை மீறாதவர். பொய்யா மெய்யா என்று தீர்மானிப்பது தன் வேலையில்லை என்று நினைத்து, தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டார்.

அந்த வாரமே பனியடிமை கடலிலிருந்து அவரைப் பார்த்தார். கடற்கரையில் குருசடி என்னும் சிறு ஜெபக்கூடத்தின் சிலுவைக்கு நேர் பின்னால், கையில் குடையோடு, பஸ்ஸுக்கு நிற்பவரைப்போல நின்றிருந்தார் நெல்லையப்பன். நங்கூரத்தைப் போட்டதும் அது பாறையைக் கடித்தது. அன்று வள்ளம் நிறையக் கலவா மீன். தான் சொன்ன பொய் பலித்துவிட்டதே என்று பனியடிமைக்கு ஒரு கூச்சம், அதனால் கொஞ்சகாலம் வெளியே சொல்லவில்லை. ஆனால் பழைய பார்கள் ஒவ்வொன்றாக மணல் மூடிக்கொண்டிருந்த காலம் அது. ஏன் மூடுகிறது என்பதற்கு அவரவர் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். அப்பன் பாட்டன் பார்த்த கணிச்சத்தில் தூண்டில் இறக்கினால் பிளாஸ்டிக் பையும் செருப்பும் ஏறி வந்தன. ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக எல்லா வள்ளங்களும் நெல்லையப்பனைப் பார்க்கத் தொடங்கின. அவர் தம்பானூருக்குப் போனால் பார் வடக்கே நகர்ந்தது, ஸ்ரீவராகத்துக்குப் போனால் கொஞ்சம் தெற்கே வந்தது. அலுவலகப் படகு ஆழம் அளக்கும் ஒலிமானியோடு போய் அளந்தது. அளந்ததில் பார் இருந்தது. அவரை ஆட்டோவில் ஏற்றிச் சாலைக் கடைத்தெருவைச் சுற்றிவரச் செய்து மறுபடி அளந்தார்கள். பாரும் சுற்றி வந்திருந்தது.

நெல்லையப்பன் சைவர், மீன் வாயில் வைத்ததில்லை. ஆரியசாலையில் ஒரு மொத்தக்கடையின் மாடியில் தனியாக இருந்தார். மனைவி விஜயம் வள்ளியூரில் பள்ளிக்கூட ஆசிரியை, படுக்கையோடு கிடக்கும் தகப்பனாரை விட்டு வர முடியாதவள். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிப் போய் ஞாயிறு முழுக்க அவளோடு இருந்துவிட்டு வருவது அவர் வழக்கம். இருவரும் அதிகம் பேசுவதில்லை. அவள் வெண்டைக்காய் நறுக்குவாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஓய்வு பெற்றதும் வள்ளியூரிலேயே இருந்துவிடுவது என்பது பேசாமலே தீர்மானமாகியிருந்தது. அந்தத் தீர்மானத்துக்காகத்தான் அவர் மற்ற நாட்களையெல்லாம் கழித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வலியதுறையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அதனால் அவர் ஊரில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது ரொம்பகாலம் யாருக்கும் தெரியாமலே போயிற்று.

ஒரு புதன்கிழமை, வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த விஜயம் மயங்கி விழுந்தாள் என்று போன் வந்தது. நெல்லையப்பன் கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறினார். அப்போது பனியடிமையின் வள்ளம் பாரின்மேல் நங்கூரமிட்டிருந்தது. பஸ் நெய்யாற்றின்கரையைக் கடக்கும்போது பார் தெற்கே நகர்ந்தது, கடித்த நங்கூரத்தோடு வள்ளத்தையும் இழுத்துக்கொண்டு. பக்கத்து வள்ளக்காரர்கள் கயிற்றை வெட்டச் சொல்லிக் கூவினார்கள். புது நங்கூரம், வெட்ட மனம் வரவில்லையோ, காதில் விழவில்லையோ. களியக்காவிளையில் பஸ் மாநில எல்லையைத் தாண்டியபோது கரையில் நெல்லையப்பன் தெரியாமல் போனார். பாரும் இல்லாமல் போயிற்று. பாரோடு கட்டுண்டிருந்த வள்ளமும் பனியடிமையும் அதன்பிறகு இல்லை. விஜயத்துக்கு ஒன்றுமில்லை, சத்துக்குறைவு என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பனியடிமையின் மகள் ஷிஜா சாலைக் கடைத்தெருவில் மீன் விற்பவள். நாற்பதாம் நாள் திருப்பலி முடிந்த பிறகு ஆரியசாலை மாடிப்படியேறி வந்தாள். நெல்லையப்பன் எழுந்து நின்றார். அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. மீன் கூடையைப் படியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"அப்பன் விளையாட்டுக்குப் பறஞ்சது. நிங்ஙள் எழுதியும் வச்சு. இனி என்ன செய்ய? எங்கயாவது போணுமெங்கில் பறஞ்சிட்டுப் போணும் சாறே. அவ்வளவு தான்."

சற்று நேரம் அவள் போகவில்லை, அவரும் உட்காரவில்லை. பிறகு கீழே ஒரு பூனை கூடையை உருட்டும் சத்தம் கேட்டு இறங்கிப் போனாள்.

அன்றுமுதல் அவர் பறைந்துவிட்டுத்தான் போனார். தேவாலய ஒலிபெருக்கியில், ஞானஸ்நான அறிவிப்புக்கும் மின்தடை அறிவிப்புக்கும் நடுவே, நெல்லையப்பன் சார் நாளை காலை பல் பிடுங்கத் தம்பானூர் போகிறார், திரும்பும்வரை யாரும் நங்கூரமிட வேண்டாம் என்று சொல்லப்பட்டது. அவருக்குக் காய்ச்சல் என்றால் கரையில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருடையது.

ஓய்வுக்குச் சில மாதங்கள் இருக்கையில் அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். எஞ்சியிருக்கும் ஒரே நல்ல பார் என்பதால் அதைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்க வேண்டியிருந்தது. குஞ்சு மீன் பிடிக்கக் கூடாது, தூண்டில் தவிர வேறு எதுவும் கூடாது என்பதில் கடற்கரைக்காரர்களும் விஞ்ஞானிகளும் முதல் தடவையாக ஒத்துப்போனார்கள். எல்லை வகுக்கத்தான் பார் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. விஞ்ஞானி வினீத், ஸ்ரீவராகத்துப் பையன், நல்லவன், கூட்டம் முடிந்து அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான். "சார், ஆர்டர்ல உங்க பேரைப் போடலை. 'நிலையான கரை அடையாளம்'னு மட்டுந்தான் இருக்கு. நீங்க இந்த ஆரியசாலையிலேயே இருந்துட்டாப் போறும். வாடகையை ப்ராஜெக்ட்லேருந்து குடுத்துடலாம். ஞாயித்துக்கிழமை போயிட்டு வாங்கோ, யார் வேண்டாங்கறா?" நெல்லையப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சம்மதம் என்று வினீத் எடுத்துக்கொண்டான்.

விஜயத்துக்கு அதைப் போனில் சொன்னார். மறுமுனையில் தகப்பனார் இருமும் சத்தம் மட்டும் கேட்டது.

"மீன மோந்துகூடப் பாக்காத மனுசன நம்பி ஒரு கடலு இருக்குன்னு சொல்லுதீங்க. ஊருல சொன்னா சிரிப்பாங்க."

"சிரிப்பாங்கதான்."

"எனக்குச் சிரிப்பு வரல. சரி, ஞாயித்துக்கெழம வரும்போது அப்பாவுக்குத் தைலம் வாங்கிட்டு வாங்க. சாலைக் கடத்தெருவுல நல்லதாக் கெடைக்கும்லா."

ஓய்வு பெற்றபின் வந்த வருடங்களை அவர் மாடியறையில் கழித்தார். பாதுகாப்புப் பகுதியில் மீன் பெருகியது. பக்கத்து மாவட்டங்களிலிருந்து குழுக்கள் வந்து பார்த்துவிட்டு, எங்கள் கரையிலும் இப்படி ஒருவர் கிடைப்பாரா என்று விசாரித்தன. விஜயத்தின் தகப்பனார் இறந்தார். இனி அவள் இங்கே வந்துவிடலாம் என்று ஆனபோது, அவளுக்குப் பயணம் ஆகாது என்றார் டாக்டர். முன்பு சத்துக்குறைவு என்று சொன்ன கோளாறு இதயத்தில்தான் இருந்திருக்கிறது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக ஒரு திங்கட்கிழமை செய்தி வந்தது. நெல்லையப்பன் பையை எடுத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் பறையப் போனார். கணவாய் மீன் வரத்து உச்சத்திலிருந்த வாரம். மழைக்காலம் முழுக்கப் பட்டினி கிடந்த கரை. யாரும் போகக் கூடாது என்று சொல்லவில்லை. வயதான ஒருவர் மட்டும், "சனியாழ்ச்ச வரை ஒண்ணு பொறுத்துக்கூடே சாறே?" என்று மணலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். ஷிஜாவும் அங்கே நின்றாள். அவளைப் பார்த்துத்தான் அவர் பையைக் கீழே வைத்தார்.

வியாழக்கிழமை விஜயம் போனில் கொஞ்சம் பேசினாள். "மெதுவா வாங்க" என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் இறந்துபோனாள்.

இந்த முறை அவர் பறையவில்லை, பறைய வேண்டியிருக்கவுமில்லை. கடலிலிருந்தவர்கள், ஆரியசாலைக்கு மேலே நெல்லையப்பன் தலையில் கைவைத்துக்கொண்டு குனிவதைப் பார்த்தார்கள். பார்த்த மாத்திரத்தில் எல்லா வள்ளங்களும் கயிற்றை வெட்டிவிட்டுக் கரைக்குத் திரும்பின. வெட்டிப்போட்ட நங்கூரங்கள் இன்றும் பாரில்தான் கிடக்கின்றன. பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் வரும்வரை அந்தக் கரையிலிருந்து ஒரு வள்ளமும் இறங்கவில்லை. கணவாய் வந்தபடியே போயிற்று. மீனவ சமூகம் தானே முன்வந்து கடைப்பிடித்த தடைக்காலம் என்று வினீத் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினான், அதற்கு நல்ல பெயர் கிடைத்தது.

வள்ளியூரில் இருந்துவிடலாமே என்று உறவினர்கள் சொன்னார்கள். யாருக்காக இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தார்.

கொஞ்சநாள் கழித்து ஷிஜா மாடிக்கு வந்தாள். தென்கிழக்கே, வள்ளியூர்ப் பக்கத்து மகேந்திரகிரிக்கு மேலே ஒரு ஸ்திரீ தெரிவதாக வள்ளக்காரர்கள் சொல்வதை, சொல்லலாமா கூடாதா என்று வாரக்கணக்கில் யோசித்து வைத்திருந்து சொன்னாள். பாரின்மேல் நின்றால் மட்டுமே தெரிகிறதாம், கொஞ்சம் விலகினாலும் மலைதானாம். போனில் படம் எடுத்தால் மேகம் மட்டும் விழுகிறதாம். பச்சைக்கரைச் சேலையாம். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம்.

பள்ளிக்கூடப் பை தொங்கிய தோள் அது. நெல்லையப்பன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எந்தப் பக்கம் பாத்து நிக்கா?"

"கிழக்கோட்டு சாறே. முகம் ஆரும் கண்டிட்டில்ல."

அவர் தலையசைத்தார். விஜயத்தைப் பார்க்க வேண்டுமானால் பாருக்குப் போக வேண்டும். அவர் வள்ளத்தில் ஏறினால் குருசடிக்கு நேரே நிற்க ஆளில்லை, ஆளில்லாவிட்டால் பாரும் இல்லை. இதை ஷிஜாவும் யோசித்திருந்தாள், அவரும் யோசித்தார். ஷிஜா போகும்போது, அந்த ஸ்திரீயையும் ஒரு அடையாளமாக வைத்துக்கொள்ளட்டுமா என்று கரையில் கேட்கச் சொன்னார்கள் என்றாள். இரண்டு பக்கமும் ஆள் இருந்தால் மூடுபனி நாளிலும் பார் தவறாதாம். நெல்லையப்பன் வைத்துக்கொள்ளச் சொன்னார். மறுநாள் முதல் வைத்துக்கொண்டார்கள். மீன் நன்றாகக் கிடைக்கிறது.